மஞ்சள் துணி அளவுக்கு வந்த அம்மன்

காலையில் எழுந்ததும் கெட்டில் சுவிட்சைத் தட்டிவிடுவேன். தண்ணீர் கொதிப்பதற்குள் பல் துலக்கி முடித்துவிடுவேன். மகள் யாஷினிக்கு மைலோ. எனக்குச் சீனி போடாத கோப்பி. அவளை எழுப்பிக் குளிப்பாட்டித் தலை சீவிவிடுவேன். இரட்டைச் சடை எனக்கு வராது. குதிரைவால்தான். அதுவும் ஒரு பக்கம் சாயும். பிறகு இரண்டு கோப்பைகளைக் கழுவி வைப்பேன். மூன்றாவது கோப்பை அலமாரியில் கவிழ்ந்தபடி இருக்கும். அதைக் கழுவ வேண்டியதில்லை.

அதற்குள் அத்தை வந்துவிடுவார். என் மனைவியின் அம்மா, கருப்பம்மாள். நான் வேலையிலிருந்து திரும்பும்வரை பேத்தியைப் பார்த்துக்கொள்வது அவர்தான். எனக்கு ஈப்போவில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவோம். ஓட்டை இருந்தால் சொட்டும். இல்லாவிட்டால் சொட்டாது. கையுறையின் நம்பிக்கை என்ன, குலதெய்வம் எது என்றெல்லாம் விசாரிப்பதில்லை.

அன்று அத்தை செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

“மாப்ள, ஞாயித்துக்கெழம பாப்பாவ பத்துமலை சாமிகிட்ட கூட்டிட்டுப் போறேன். எடம் போட்டாச்சு.”

“எதுக்கு அத்தே?”

“அம்மா அழைப்புக்கு.”

“புதன்கிழம அவளுக்கு ரெண்டாவது அம்மை ஊசி இருக்கு.”

அத்தை பையைக் கீழே வைத்தார். “மொத ஊசிக்கே என் மக உசுரு போச்சு. ரெண்டாவதுக்கு யாரக் குடுக்கப் போறீங்க?”

இந்தக் கணக்கு அத்தை போட்டதல்ல. பத்துமலை சாமி என்ற சாமியார் போட்டது. நடந்தது இவ்வளவுதான். என் மனைவி கலாதேவி தடிக்கா என்னும் பாலர் பள்ளியில் ஆசிரியை. எழுத்து தெரியாத சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் பென்சிலும் சொல்லிக்கொடுப்பவள். போன மழைக்காலத்தில் வகுப்புப் பையன் ஒருவன் கொப்புளங்களோடு வந்தான். வேர்க்குருதான் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது சின்னம்மை. கலாவுக்குச் சிறுவயதில் அம்மை வந்ததில்லை, ஊசியும் போட்டதில்லை. பெரியவர்களுக்கு வந்தால் சில சமயம் அது நுரையீரலுக்குப் போய்விடும். அவளுக்குப் போனது. மருத்துவமனையிலிருந்து நான் தனியாகத் திரும்பி வந்தேன்.

யாஷினிக்கு ஒரு வயது முடிந்ததுமே கலா முதல் ஊசியைப் போட்டுவிட்டிருந்தாள். கலா ஆம்புலன்ஸில் ஏறும்வரை குழந்தை அவளோடு அதே கட்டிலில்தான் படுத்தாள். அவள் உடம்பில் ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

ஊசி வேலை செய்திருக்கிறது என்று நான் நினைத்தேன். சாமிக்கு வேறு மாதிரி விளங்கியது. “பிள்ளைக்கு ஊசியப் போட்டு ஆத்தாவ வாசல்லயே நிறுத்திட்டாங்க. வந்தவ வெறுங்கையோட போவாளா? தாயை எடுத்துக்கிட்டா!” இதை அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒலிபெருக்கியில் சொன்னார். கலாவின் இரங்கல் படத்தை எங்கிருந்தோ எடுத்துப் பெரிதாக்கிப் பக்கத்தில் மாட்டினார். அவளுடைய கடைசி வார்த்தைகளையும் அவரே சொன்னார். “ஊசி போட்டது தப்பு. ஆத்தா கூப்பிடுறா, போறேன்.”

அவள் பேசியபோது நான் அங்கே இருந்தேன். சாமி இல்லை.

“சரி அத்தே,” என்றேன். “நானும் வாரேன். சாமியக் கொஞ்சம் கேக்கணும். அவரு சொல்றது சரியா இருந்தா ஊசி வேணாம்.”

“சத்தியமா?”

“சத்தியமா. தப்பா இருந்தா புதன்கிழம நீங்களும் கிளினிக்குக்கு வரணும்.”

அத்தை சிரித்தார். தோற்பதற்கு வாய்ப்பே இல்லாதவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை போனோம். கோலா கங்சார் போகும் பழைய சாலையில் உள்ளே திரும்ப வேண்டும். ஒரு காலத்தில் ரப்பர் பால்மரக் காடு, இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். பால் வெட்டப் போன தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போன ஆயாக்கொட்டகை மட்டும் நிற்கிறது. அதற்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, ‘அம்மா அழைப்பு மையம் — முன்பதிவு அவசியம்’ என்று பலகை மாட்டியிருந்தார் பத்துமலை சாமி. செம்பனை வரிசைகளுக்கு நடுவே மைவி கார்கள் வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்தத் தோட்டம் வேலை கொடுத்த காலத்தில்கூட இவ்வளவு கூட்டம் சேர்ந்திருக்காது.

சாமியின் தத்துவம் எளிமையானது. அம்மை என்றால் ஆத்தா வருகை. வந்தே தீருவாள். சொல்லாமல் வந்தால் உடம்பெல்லாம் முத்து போட்டு, காய்ச்சல் கொடுத்து, பரீட்சை நேரத்தில் படுக்க வைப்பாள். ஆகவே நாமே அழைத்துவிட வேண்டும். பள்ளி விடுமுறையில், வீட்டார் லீவு நாளில், வசதியான நேரத்தில். மூன்று முத்து போட்டால் ‘சின்ன வருகை’, ஏழு போட்டால் ‘ராஜ வருகை’. ராஜ வருகைக்குக் காணிக்கை கூடுதல். ஆத்தாவுக்கு வந்துபோகும் செலவு இருக்குமல்லவா? ஒருமுறை அழைத்து அனுப்பிவிட்டால் அவள் மறுபடி வரவே மாட்டாள். கொஞ்சமாகக் கொடுத்து, முழுதாகத் தடுப்பது. ஊசியின் சித்தாந்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, ஊசியை மட்டும் விட்டுவிட்டார்.

செய்முறையும் எளிது. குழந்தையின் முன்கையில் ‘முத்து விபூதி’யைத் தூவுவார். மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டுவார். குழந்தை வீறிட்டு அழும். “ஆத்தா அடியெடுத்து வைக்கிறா!” என்பார். துணியை அவிழ்த்தால் சிவப்புச் சிவப்பாய் முத்துகள். எல்லாம் துணி கட்டிய இடத்தில் மட்டும். ஓர் அங்குலம் மேலே கிடையாது, கீழே கிடையாது. எல்லை தாண்டாத, ஒழுக்கமான அம்மன்.

இன்னொன்றையும் கவனித்தேன். சாமி விபூதியை விரலால் தொடவே இல்லை. வெள்ளிக் கரண்டியால்தான் எடுத்தார். ஆத்தாவின் பொருளைத் தொடத் தனக்குத் தகுதியில்லை என்றார். காணிக்கைத் தட்டைத் தொடும் தகுதி இருந்தது.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவிடம், பிள்ளைக்கு ஏன் ஊசி போடவில்லை என்று கேட்டேன்.

“கவர்மெண்டு இலவசமா போடாத ஊசி தம்பி. அவசியம்னா அவங்களே போடமாட்டாங்களா? தனியார் கிளினிக்ல காசு கேக்குறான்,” என்றார், காணிக்கைக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு.

அவர் கணவர் சேர்ந்துகொண்டார். “ஊசி போட்டா காய்ச்சல் வருமாம். வாட்ஸ்அப்ல ஒரு டாக்டரே சொன்னாரு லா.”

“எந்த டாக்டர்?”

“பேரு போடல. ஆனா டாக்டர்.”

“நமக்கெல்லாம் வரலியா?” என்றார் பின்னால் நின்றவர். “நாம செத்தா போனோம்?”

செத்துப்போனவர்கள் வரிசையில் நிற்க மாட்டார்கள். அதனால் அந்த வாதத்தை மறுக்க அங்கே ஆள் இல்லை.

கூட்டம் இருக்கும் இடத்தில் கடை போடும் நஜ்முதீன் அண்ணன், மரத்தடியில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்தார். ஈப்போவில் அவருக்கு உணவகம் இருக்கிறது. இங்கே ஞாயிற்றுக்கிழமைக் கிளை.

“நீங்களும் பேரனக் கூட்டிட்டு வரலியாண்ணே?”

“அவனுக்கு ஊசி போட்டாச்சு தம்பி. இங்க நான் டீ மட்டும்தான் போடுறேன்.” குரலைத் தாழ்த்தினார். “சாமிய எனக்கு முன்னமே தெரியும். நோன்புப் பெருநாளுக்கு எங்க ஆளுங்களுக்கு லெமாங் மூங்கில் வெட்டி வித்தவரு. மனுஷன் நல்லா முன்னேறிட்டாரு.”

லெமாங் என்றால் மூங்கில் குழாயில் வைத்துச் சுடும் பசையரிசிச் சோறு. நான் டீயைக் குடித்தேன்.

“மச்சான்!” என்று தோளில் ஓர் அடி விழுந்தது. எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்து வரிசை வீட்டுத் தர்மா. லோரி ஓட்டுகிறவன். சாமிக்கு வலது கை மாதிரி. கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, கோஷம் போடுவது எல்லாம் அவன்தான். “வந்துட்டீங்களா! இனிமே எல்லாம் நல்லதுதான் லா. எங்க பவித்ரனுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இங்கதான் சின்ன வருகை. இப்ப கவலையே இல்ல.”

நான் தலையாட்டினேன். தடிக்காவுக்குக் கொப்புளத்தோடு வந்த பையன் அந்தப் பவித்ரன்தான். தர்மா அதை யோசித்துப் பார்த்ததே இல்லை. யோசிக்க வேண்டிய வேலையைச் சாமியிடம் கொடுத்துவிட்டிருந்தான்.

எங்கள் முறை வந்தது. அத்தை யாஷினியைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார். மேடைக்குப் பக்கத்தில் கலாவின் படம். யாஷினி அதைப் பார்த்து, “அம்மா,” என்றாள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆத்தாவைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

சாமி காதில் மாட்டிய மைக்கோடு வெள்ளிக் கரண்டியை எடுத்தார்.

“சாமி, ஒரு சந்தேகம்,” என்றேன்.

“சந்தேகம் இருக்கிற வீட்டுக்கு ஆத்தா வரமாட்டா தம்பி.”

“அப்ப ஊசியும் வேணாம், விபூதியும் வேணாம். சந்தேகமே போதுமே சாமி, அம்மை வராம இருக்க.”

எங்கோ ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்தது தான் இல்லை என்பதுபோல் இருமினார்.

சாமி முறைத்தார். “என்ன வேணும் உனக்கு?”

“ஒரு தடவ அம்மை வந்தவங்களுக்கு மறுபடி வருமா?”

“வராது! அதுதானே நம்ம மையத்துக்கே அஸ்திவாரம்.”

“சத்தியமா?”

“ஆத்தா மேல சத்தியம்!” கூட்டம் கைதட்டியது.

“உங்களுக்கு வந்திருக்கா சாமி?”

அவர் கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். பள்ளம் பள்ளமாய்த் தழும்புகள். “பாரு. மூஞ்சியெல்லாம் அவ கையெழுத்து.”

“அப்ப இந்த விபூதிய உங்க கையில பூசுனா ஒரு முத்துகூட வராது.”

“வராது.”

“பூசிக் காட்டுங்க.”

சாமி கரண்டியைப் பார்த்தார். கரண்டி ஒன்றும் சொல்லவில்லை.

“ஆத்தாவ சோதிக்கக் கூடாது தம்பி. குடும்பத்துக்கு ஆகாது. ஒரு தடவ பட்டும் உனக்கு…” என்று கலாவின் படத்தைக் காட்டினார்.

“ஆத்தாவ யாரு சோதிக்கிறா? விபூதியத்தான்.”

“கீழ எறங்கு லா மச்சான்!” என்று தர்மா கத்தினான். கூட்டமும் முணுமுணுத்தது. அத்தோடு என் சோதனை முடிந்திருக்கும். என்னைக் கையைப் பிடித்து இறக்கியிருப்பார்கள். ஆனால் அத்தைக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளை சபையில் சாமியை மடக்குகிறானாம். அவர் யாஷினியை என்னிடம் கொடுத்துவிட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

“எம் மாப்ளைக்கு வாய் நீளம், மன்னிச்சுக்குங்க சாமி. நீங்க ஏன் பூசணும்? எனக்குச் சின்ன வயசுலயே அம்மா வந்திருக்கா, இந்தா தழும்பு. என் கையில பூசுங்க. ஒண்ணும் வராம இருக்கிறத அவரு கண்ணால பாக்கட்டும்!”

“ஓம் சக்தி!” என்று கூட்டம் எழுந்தது. சாமி உட்கார்ந்துவிட்டார்.

“பெரியவங்களுக்கு வேற விபூதி இருக்கும்மா,” என்று மேசைக்கு அடியிலிருந்து ஒரு டின்னை எடுத்தார்.

“அது எதுக்கு சாமி? பிள்ளைங்களுக்குப் பூசுறதையே பூசுங்க,” என்றார் அத்தை.

என் கேள்வியிலிருந்து அவர் நழுவியிருப்பார். அத்தையின் பக்தியிலிருந்து நழுவ வழியில்லை.

ஈப்போவில் கடையில் வாங்கிய சாதாரண விபூதிப் பொட்டலம் என் சட்டைப் பையில் இருந்தது. “இன்னொரு கையில இதையும் பூசிக்குங்க அத்தே. மேல அதே மஞ்சத் துணி. அப்புறம் துணியாலதான் வந்துச்சுன்னு யாரும் சொல்லக் கூடாது.” அத்தை இரண்டு கைகளையும் நீட்டினார். வலது கையில் சாமியின் கரண்டி தூவியது. இடது கையில் நான் பூசினேன்.

சாமி பாட்டைச் சத்தமாகப் போடச் சொன்னார். கூட்டம் காத்திருந்தது. அத்தையின் தாடை இறுகியது. பிறகு வலது கை லேசாக முறுக்கிக்கொண்டது. பிறகு அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“ஏதாச்சும் வருதா அத்தே?”

“வரல,” என்றார், சொறிந்துகொண்டே.

“அரிக்குதா?”

“அரிக்கல.” கண்ணில் நீர் முட்டியது. “கொஞ்சம்… வேர்க்குது.”

துணியை அவிழ்த்தேன். இடது கையில் வெள்ளை விபூதி. அதற்குக் கீழே பால் வெட்டியே உரம் ஏறிய பழைய தோல், அப்படியே. வலது கையில் துணியின் அகலத்துக்குச் சிவப்பு முத்துகள். ராஜ வருகைக்கும் மேலே.

அத்தை இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன சாமி இது? ரெண்டாந்தடவ வரமாட்டான்னு இப்பத்தானே சத்தியம் பண்ணீங்க?”

“அது… உங்க மாப்ளையோட சந்தேகம் பட்டு…”

“தள்ளுங்க லா!” என்று தர்மா மேடைக்குத் தாவினான். “எனக்கும் அம்மை வந்திருக்கு. நான் சந்தேகப்படுற ஆளே இல்ல. என் கையில போடுங்க. இப்ப பாருங்க மச்சான், ஒண்ணும் வராது!” சாமி தடுப்பதற்குள் விபூதித் தட்டில் கையைவிட்டு அள்ளி, முழங்கைவரை தேய்த்துக்கொண்டான். சந்தேகம் இல்லாதவர்கள் எதையும் அளவோடு செய்ய மாட்டார்கள்.

கொஞ்ச நேரம் கையைக் கொடிபோல் தூக்கிப் பிடித்திருந்தான். பிறகு சொறிந்தான். பிறகு இரண்டு கைகளாலும் இரண்டு கைகளையும் சொறிந்தான். அப்படியே நின்றுவிட்டான்.

“இந்த அரிப்பு எனக்குத் தெரியும் லா,” என்றான் மெதுவாக. “இது மூங்கில் சொனை. லெமாங் மூங்கில் ஏத்துறப்ப கழுத்தெல்லாம் இப்படித்தான் பிடுங்கும்.” சாமி பக்கம் திரும்பினான். “மாசாமாசம் என் லோரியிலதானே மூங்கில் வருது? பூசைக்குன்னு சொன்னீங்களே?”

நாலைந்து பேர் ஆயாக்கொட்டகையின் பின்பக்கம் ஓடினார்கள். இளமூங்கில் தண்டுகள் கட்டுக்கட்டாய்க் கிடந்தன. மேல்தோல் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சல்லடை, ஒரு மூட்டை விபூதி, ரப்பர் கையுறை ஒரு ஜோடி. கையுறை தரமானது. எங்கள் தொழிற்சாலையுடையது போலவே இருந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தர்மா கூட்டத்தை விட்டு விலகினான். என் பக்கம் வந்து நின்றான்.

“அப்ப எங்க பவித்ரனுக்கு அன்னிக்கு வந்தது அம்மை இல்லியா?”

“இல்ல.”

“அதனாலதான் போன வருஷம் கொப்புளம் வந்தப்ப… இவனுக்குத்தான் ஏற்கெனவே வந்துருச்சே, இது வேர்க்குருதான்னு நாங்க தடிக்காவுக்கு…” அவன் கலாவின் படத்தைப் பார்த்தான். “மச்சான்,” என்றான்.

நான் யாஷினியின் குதிரைவாலைச் சரிசெய்தேன். அது மறுபடி சாய்ந்தது.

தர்மா போய்ப் படத்தைக் கழற்றி, துண்டால் துடைத்து, என்னிடம் கொடுத்தான். அவன் கை சொறியாமல் இருந்தது அப்போது மட்டும்தான்.

“ஆத்தா கோவமா இருக்கா! இன்னிக்கு நடை சாத்தியாச்சு!” என்று சாமி எழுந்தார். மேடைப் படியில் அத்தை நின்றார். கையில் வெள்ளிக் கரண்டி.

“எங்க கெளம்பிட்டீங்க? உங்களுக்குத்தான் ஏற்கெனவே வந்திருக்கே சாமி. ஒண்ணும் ஆகாது.” கரண்டி நிறைய எடுத்துச் சாமியின் கழுத்துப் பட்டைக்குள் கவிழ்த்தார்.

காதில் மாட்டிய மைக்கை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. பத்துமலை சாமி சொறியும் சத்தம் செம்பனை வரிசைகளில் எட்டுத் திசைக்கும் கேட்டது. அவர் ஒலிபெருக்கியில் வெளியிட்ட முதல் உண்மை அதுதான்.

சிலர் போலீசுக்குப் போன் போட்டார்கள். சிலர் காணிக்கையைத் திருப்பிக் கேட்டார்கள். வாட்ஸ்அப் டாக்டரை நம்பியவர் மட்டும், “அப்ப நம்ம முன்பதிவுக்கு வேற தேதி குடுப்பாங்களா?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார். லூமுட் பக்கம் கடல் உப்பில் அம்மையைக் கரைக்கும் ஒருவர் புறப்பட்டிருக்கிறாராம். இந்நேரம் அந்த வாட்ஸ்அப்காரர் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார்.

அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். ஊற்றுங்கள், குளிப்பது நல்லதுதான். அதற்கு முன் அந்தத் தலையை ஒரு தடவையாவது உபயோகித்துப் பாருங்கள்.

புதன்கிழமை கிளினிக்குக்கு அத்தையும் வந்தார். சத்தியத்தைக் காப்பாற்றுகிறவர். வலது கையில் அரிப்புக்குக் கெலமின் மருந்து பூசி, இளஞ்சிவப்பாய்க் காய்ந்திருந்தது. யாஷினி ஊசிக்கு அழுதாள். கொடுத்த ஸ்டிக்கரைப் பார்த்து நிறுத்தினாள். பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். அதைப் பாட்டியின் கெலமின் மேல் ஒட்டினாள். ஒட்டவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அத்தை அந்த ஸ்டிக்கரை எடுத்துத் தன் பையில் வைத்தார். பிறகு, “மாப்ள,” என்றார். “நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. அவ கடைசியா என்னதான் சொன்னா?”

ஆத்தா கூப்பிடுகிறாள் என்று கலா சொல்லவில்லை. என்னிடம் விடைபெறவும் இல்லை. தொண்டையில் குழாய் போடுவதற்கு முன்னால், ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு பேசினாள். அதை அப்படியே சொன்னேன்.

“பாப்பாவுக்கு இன்னொரு ஊசி இருக்குங்க. நீங்களே கூட்டிட்டுப் போங்க. எங்கம்மாவக் கேக்காதீங்க லா.”